தேனிக்காரர் பார்த்த கடல்

எங்கள் ஊரைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. கடல் வாடையே படாத தேனி அல்லிநகரத்திலிருந்து வந்தவர். 1981-இல் ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986-இல் ‘கடலோரக் கவிதைகள்’ என்று பாரதிராஜா இரண்டு படங்களை முட்டத்தில் எடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் எங்கே போய் ஊர்ப் பெயரைச் சொன்னாலும், “பாரதிராஜா படம் எடுத்த முட்டமா?” என்ற கேள்விதான் முதலில் வரும். சென்னையில் சினிமாவிலும் சின்னத்திரையிலும் உதவி இயக்குநராக, பிறகு இயக்குநராக உழைத்துப் பிழைத்தவன் நான். வேலை கேட்டுப் போன கம்பெனிகளில் என் பெயர் மனதில் நிற்பதற்கு முன்பே என் ஊர்ப் பெயர் நின்றுவிடும். அந்த நன்றி எனக்கு உண்டு. ஓர் இயக்குநரின் வாழ்க்கை எப்படி நகர்கிறது, எங்கே தடுக்கி விழுகிறது, விழுந்தவர் எப்படி எழுகிறார் என்பதையெல்லாம் அவருடைய பாதையைத் தொலைவில் நின்று பார்த்தே நான் தெரிந்துகொண்டேன். அதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

முட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். நாகர்கோவிலிலிருந்து தென்மேற்கே பேருந்தில் வந்தால், தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் செம்மண் மேடு தொடங்கும். மழைத் தண்ணீர் அரித்து அரித்து அந்த மேட்டில் பள்ளங்கள் விழுந்திருக்கும். மேட்டின் மேல் லைட் ஹவுஸ். அதற்குக் கீழே பெரும்பாறைகள் கடலுக்குள் இறங்கிப் போகும். கிழக்கே பிள்ளைத்தோப்பு, மேற்கே கடியபட்டணம். ஊர் முழுக்கக் கத்தோலிக்க மீனவர்கள். கோயில் மணிதான் எங்களுக்குக் கடிகாரம். சிவந்த மண், கறுத்த பாறை, நீலக் கடல், வெள்ளை நுரை என்று நான்கு நிறமும் ஒரே பார்வையில் விழும் இடம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் அதிகம் கிடையாது. சூரியன் கடலுக்குள் இறங்குவதையும் இங்கே பார்க்கலாம். சென்னைக் கடற்கரையில் சூரியன் உதிக்கும். மறைவது ஊருக்குப் பின்னால். ஒரு காதல் கதையின் மாலைக் காட்சியைக் கடல்மேல் எடுக்க நினைப்பவர் மேற்குக் கரைக்குத்தான் வந்தாக வேண்டும்.

‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்தபோது நான் சின்னப் பிள்ளை. எனக்கு எதுவும் நினைவில்லை. அந்தப் படத்தைச் சில ஆண்டுகள் கழித்துக் கோயில் திருவிழாவில்தான் பார்த்தேன். நாகர்கோவிலிலிருந்து டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து வந்து, விடிய விடியப் படம் போட்ட காலம் அது. மணலில் பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. பிராமணப் பையன் விச்சுவும் கிறிஸ்தவப் பெண் மேரியும் காதலிக்கிற கதை. கடைசியில் அவன் பூணூலைக் கழற்றுவான், அவள் சிலுவையைக் கழற்றுவாள். சிலுவை கழுத்தை விட்டு இறங்கிய அந்த நொடியில் பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் பாட்டி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. மறுநாள் மீன் பிரிக்கும் இடத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் அந்த முடிவைப் பற்றித்தான் சண்டை. “அந்தப் பிள்ளை செய்தது தப்பு” என்று ஒரு கூட்டம். “தப்புன்னா நீ ஏன் அழுதே?” என்று இன்னொரு கூட்டம். ஒரு படம் ஊரை இரண்டாகப் பிரித்துப் பேச வைக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

‘கடலோரக் கவிதைகள்’ எடுத்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீட்டில் எறிந்துவிட்டுப் பாறைக்கு ஓடுவோம். கயிறு கட்டி எங்களை நிறுத்தியிருப்பார்கள். எல்லோரும் சத்யராஜையும் புதிதாக வந்த ரேகாவையும் பார்க்க எட்டி எட்டிக் குதித்தார்கள். என் கண் போனது வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளைத் தாங்கி நின்ற ஆட்கள் மேல். பலகையை ஒரு விரற்கடை திருப்பினால் போதும், நிழலில் இருந்த முகம் பளிச்சென்று வெளியே வந்துவிடும். மேகம் வந்தால் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

“எதுக்குப்பா எல்லாரும் சும்மா இருக்காவ?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“மேகம் போட்டும்னு இருக்காவ மக்கா. வெயிலு வந்தாத்தானே படம் விழும்.”

மரம் தள்ளுகிற ஒரு காட்சிக்கு எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டுமரத்தை நாங்கள் மரம் என்றுதான் சொல்வோம். அவர் தள்ளினார். திரும்பத் தள்ளச் சொன்னார்கள், தள்ளினார். மூன்றாவது முறை சொன்னதும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். “கடலுக்கு எறங்குன மரத்த எவனாவது சும்மா கரையேத்துவானாடே? மீனு எங்கேன்னு வீட்டுல கேக்க மாட்டாளா?” என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை வெறுங்கையோடு மரம் கரையேறுவது ஒரு கெட்ட நாள். உதவி இயக்குநர் ஒருவர் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முதல் முறை ஏன் சரியாக வரவில்லை, இரண்டாவது முறை அலை எங்கே மறைத்தது என்று பொறுமையாகச் சொன்னார். பெரியவர் கேட்டுவிட்டு, “அப்படின்னா அந்த அலை ஒடைஞ்ச பெறகு தள்ளுகேன். அடுத்தது சின்ன அலை” என்றார். சொன்னபடி தள்ளினார். காட்சி சரியாக விழுந்தது. பின்னாளில் நான் கூட்டக் காட்சிகளை நடத்தியபோதெல்லாம் இந்த இருவரும்தான் எனக்கு வழிகாட்டிகள். நடிக்கத் தெரியாதவரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டால், தன் தொழில் அறிவை அவரே எடுத்துக் கொடுப்பார்.

ஃபிரேம் என்பதை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அப்பாதான். அன்று அதன் பெயர் எனக்குத் தெரியாது. கடலடியில் மீன் அடையும் பார் எங்கே இருக்கிறது என்பதை அவர் கரையை வைத்தே கண்டுபிடிப்பார். கோயில் கோபுரமும் பின்னால் தெரியும் மலை உச்சியும் ஒரே நேரில் வர வேண்டும். இன்னொரு பக்கம் லைட் ஹவுஸும் அதற்குப் பின்னால் ஒரு குறியும் சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில் மரத்தை நிறுத்தித் தூண்டில் இறக்குவார். சற்று விலகினாலும் கோபுரம் மலையை விட்டு நகர்ந்துவிடும். கேமரா கோணம் வைக்கும்போது முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் எந்த இடத்தில் நின்றால் ஒன்றாகச் சேர்க்கலாம் என்று தேடுவதும் அதே கணக்குதான். அந்த இரண்டு முட்டம் படங்களுக்கும் ஒளிப்பதிவு செய்த பி. கண்ணன், இயக்குநர் ஏ. பீம்சிங்கின் மகன், எடிட்டர் பி. லெனினின் சகோதரர். அவருடைய காட்சிகளை இன்று பார்த்தாலும் பாறை, ஆள், அலை மூன்றும் தற்செயலாகச் சேர்ந்ததாகத் தெரியாது. எங்கே நின்றால் மூன்றும் ஒன்றாகும் என்று தேடி அலைந்த கால்கள் தெரியும்.

*

பாரதிராஜாவின் பாதையைச் சென்னைக்கு வந்த பிறகுதான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். இயற்பெயர் சின்னச்சாமி. சுகாதார ஆய்வாளர் வேலை. நாடகப் பித்து. பண்ணைப்புரத்துப் பாவலர் சகோதரர்களோடு நட்பு. அந்தச் சகோதரர்களில் ஒருவர்தான் பின்னாளில் இளையராஜா ஆனார். அரசு வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து, பெட்ரோல் பங்கில் வேலை பார்த்து, கன்னட இயக்குநர் புட்டண்ணா கனகலிடமும் வேறு சிலரிடமும் உதவியாளராக இருந்தார். முதல் படம் ‘16 வயதினிலே’ 1977 செப்டம்பரில் வெளிவந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்த வயதுக் கணக்கை நான் இளைஞர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். இருபத்தைந்தில் படம் கிடைக்கவில்லை என்று ஊருக்கு மூட்டை கட்டுகிறவர்களுக்கு அது மருந்து.

அந்தப் படத்துக்குப் பணம் போட்டவர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு. ஸ்டுடியோவுக்குள் செட் போட்டுக் கிராமம் காட்டிய காலத்தில், கேமராவைத் தூக்கிக்கொண்டு நிஜமான தெருவுக்கும் வயலுக்கும் போக ஒரு புது இயக்குநர் கேட்டபோது சரி என்று சொன்ன தயாரிப்பாளர் அவர். படத்தின் பெரும்பகுதி மைசூர், கொள்ளேகால் பக்கத்தில் எடுக்கப்பட்டது. மெதுவாக ஓடும் காட்சிகளுக்கு ஸ்லோ மோஷன் கேமரா வாங்கப் பணம் போதாமல், ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்ததாகச் சொல்வார்கள். கையில் இல்லாததைப் பற்றிப் புலம்பாமல், இருப்பதை வைத்து அந்த உணர்ச்சியை வரவழைப்பது எப்படி என்று நான் யாருக்காவது பாடம் எடுக்க வேண்டுமானால் அந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குவேன்.

அடுத்தடுத்து ‘கிழக்கே போகும் ரயில்’, ‘சிகப்பு ரோஜாக்கள்’, ‘புதிய வார்ப்புகள்’. முதல் படத்தோடு சேர்த்து நான்கும் வெற்றி. பிறகு 1980-இல் ‘நிழல்கள்’. வேலையில்லாத இளைஞர்களின் கதை, வைரமுத்து பாட்டெழுத வந்த படம். இன்று எல்லோரும் அதைக் கொண்டாடுகிறார்கள், வெளிவந்தபோது ஓடவில்லை. தொடர் வெற்றிக்குப் பிறகு வரும் முதல் தோல்வி ஓர் இயக்குநரை என்ன செய்யும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நேற்று வரை வாசலில் நின்றவர்கள் வேறு வாசலுக்குப் போய்விடுவார்கள். அப்போது எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: பெரிய நடிகரைப் பிடி, பத்திரமாக ஒரு படம் செய். அவரோ நடிப்பு அனுபவமே இல்லாத இரண்டு பேரோடு எங்கள் கடற்கரைக்கு வந்தார். ஒருவர் நடிகர் முத்துராமனின் மகன் கார்த்திக், மற்றவர் கேரளத்துப் பெண் ராதா. கதை எழுதியவர் மணிவண்ணன், பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்தவர். தயாரிப்பு இளையராஜாவின் சகோதரர் பாஸ்கர். இப்படித்தான் ‘அலைகள் ஓய்வதில்லை’ பிறந்தது. தோல்விக்குப் பிறகு வந்த படம் அது என்பது எங்கள் ஊரில் பலருக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் கதையையே அவர் தெலுங்கில் ‘சீதாகோக சிலுகா’ என்று எடுத்து, சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருது வாங்கினார். இந்தியிலும் ‘லவ்வர்ஸ்’ என்று எடுத்தார்.

1982-இல் ‘காதல் ஓவியம்’ விழுந்தது. அடுத்த ஆண்டு ‘மண்வாசனை’யில் மறுபடியும் இரண்டு புது முகங்கள். மதுரையில் வளையல் விற்றுக்கொண்டிருந்த பாண்டியனும், ரேவதியும். படம் ஓடியது. ‘கடலோரக் கவிதைகள்’ வந்தபோதும் இதே துணிவின் இன்னொரு வடிவத்தைப் பார்த்தோம். அதுவரை வில்லனாகவே ஜனங்கள் பார்த்துவந்த சத்யராஜை, டீச்சரிடம் எழுத்துப் படித்து மனம் திருந்தும் முரட்டுப் பையன் சின்னப்பதாஸாக ஆக்கினார். பெயரெடுத்த நடிகரைக்கூட ஒரு புது முகம்போலப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓர் இயக்குநரின் பாதையைப் படிக்கட்டு என்று நினைப்பவர்கள் அதிகம். உதவி இயக்குநர், அசோசியேட், இயக்குநர், பெரிய இயக்குநர் என்று மேலே போய்க்கொண்டே இருக்கும் என்று நம்புகிறார்கள். நான் பார்த்த பாதை அப்படி இல்லை. ஒவ்வொரு படமும் முதல் படம். போன படத்தின் வெற்றி அடுத்த படத்தின் முதல் நாள் வரைக்கும்தான் துணை வரும். விழுந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பி நடக்கிறோம் என்பதில்தான் ஒருவருடைய தொழில் வாழ்க்கை தீர்மானமாகிறது. பாரதிராஜா விழுந்தபோதெல்லாம் தெரியாத முகங்களையும் திறந்த வெளியையும் தேடிப் போனார். அவருடைய நீண்ட திரைப் பயணத்துக்கு அதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் துணிவு மட்டும் போதும் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி. டேனியல் மவுனப் படக் காலத்தில் சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ வைத்து, ‘விகதகுமாரன்’ எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அது. தலித் பெண்ணான பி.கே. ரோஸியை உயர்சாதிப் பெண் வேடத்தில் நடிக்க வைத்தார் என்பதற்காகத் திரையிட்ட இடத்தில் கலவரம் நடந்தது. ரோஸி ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. டேனியல் கடனாளியானார். பிறகு பல் மருத்துவம் படித்துப் பிழைத்து, வறுமையில் 1975-இல் இறந்தார். இன்று கேரள அரசின் உயரிய திரைப்பட விருது அவர் பெயரில் இருக்கிறது. அவருக்கும் துணிவு இருந்தது, புது முகத்தைத் தேடும் கண்ணும் இருந்தது. நம்பிப் பணம் போட ஒரு ராஜ்கண்ணு இல்லை, விழுந்த பிறகு தூக்கிவிட ஒரு பாஸ்கர் இல்லை. அகஸ்தீஸ்வரம் வழியாகப் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். ஓர் இயக்குநர் தனியாக உருவாவதில்லை. அவரை இரண்டாம் முறை நம்புகிற ஆட்களும் சேர்ந்துதான் அவரை உருவாக்குகிறார்கள்.

*

தொண்ணூறுகளின் நடுவில் நான் சென்னைக்குப் போனேன். வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் என்று அறை மாறி மாறித் தங்கிய வாழ்க்கை. எங்கள் தொழிலில் பள்ளிக்கூடம் என்பது படப்பிடிப்புத் தளம்தான். முதலில் கிளாப் அடிப்போம். பிறகு கன்டினியூட்டி எழுதுவோம். இந்த ஷாட்டில் பொத்தான் போட்டிருந்ததா, டம்ளரில் காபி எவ்வளவு இருந்தது, எந்தக் கையால் கதவைத் திறந்தார் என்றெல்லாம் நோட்டில் குறிக்க வேண்டும். அதற்கு மேல் உடைகளையும் பொருள்களையும் பார்ப்பவர், அதற்கு மேல் வசனம் சொல்லிக்கொடுப்பவர், அதற்கு மேல் அசோசியேட். பிலிம் காலத்தில் ஆயிரம் அடி ரோல் ஒன்று பதினொரு நிமிடம்தான் ஓடும். ஒவ்வொரு அடிக்கும் காசு. அதனால் கேமரா ஓடும் முன்பே தவறுகளைப் பார்த்துவிடும் கண் எங்களுக்கு வளர்ந்தது. டிஜிட்டலில் தொழில் கற்கிறவர்களும் அந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

பாரதிராஜாவின் பட்டறையில் கற்றவர்களின் பெயர்களை அப்போது நாங்கள் மந்திரம்போலச் சொல்லுவோம். ‘16 வயதினிலே’யில் உதவியாளராக இருந்த பாக்யராஜ் இரண்டே ஆண்டில் ‘சுவரில்லாத சித்திரங்கள்’ இயக்கினார். மணிவண்ணன், மனோபாலா, சித்ரா லட்சுமணன், பொன்வண்ணன், சீமான் என்று வரிசை நீளும். ஒருவர் படம் மற்றவர் படம்போல இருக்காது. குருவின் நிழலில் நிற்காமல் ஒவ்வொருவரும் தன் மண்ணைத் தேடிப் போனதே அந்தப் பட்டறையின் பெருமை.

நான் போய்ச் சேர்ந்தது சின்னத்திரையில். டிவி எங்கள் ஊருக்கு வந்த கதையே தனி. சிறுவயதில் எங்களுக்குச் சென்னையை விடத் திருவனந்தபுரம்தான் அருகில். ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பினால் மலையாளம். கிழக்கே திருப்பினால், வானம் தெளிந்த இரவில், இலங்கை ரூபவாகினி. சொந்த ஊர்த் தமிழைத் திரையில் கேட்க நாங்கள் வெகுகாலம் காத்திருந்தோம். அப்படி வளர்ந்த ஒருவன் தமிழ்த் தொடர்களில் வேலைக்குச் சேர்ந்தபோது அதைச் சின்ன வேலையாக எண்ணவே முடியவில்லை. மீன் விற்றுக் களைத்து வந்து இரவில் கால் நீட்டி உட்காரும் என் அம்மாவின் முன்னால் கதை சொல்லும் உரிமை அது.

சினிமாக்காரர்கள் பலர் அன்று டிவியை ஒரு படி கீழேதான் வைத்தார்கள். வேலையின் வேகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடக் கதை ஒவ்வொரு நாளும் வீடு தேடிப் போயாக வேண்டும். வாடகைக்கு எடுத்த பங்களாவில் கூடம், சமையலறை, மாடிப்படி மூன்றையும் வைத்துப் பல குடும்பங்களின் கதையை ஓட்ட வேண்டும். கேமராவுக்குப் பின்னால் நின்று ஓர் உதவி இயக்குநர் வசனத்தை வரிவரியாகச் சொல்ல, நடிகர் அதைத் தன் உணர்ச்சியில் வாங்கிப் பேசுவார். சினிமாவில் கடல் சொல்வதை டிவியில் முகம் சொல்ல வேண்டும். பார்ப்பவர் சோறு பிசைந்துகொண்டோ பிள்ளையைத் தட்டித் தூங்க வைத்துக்கொண்டோ பார்க்கிறார். திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில் கதை அவருக்குப் புரிய வேண்டும். அந்த எளிமையை அடையப் பெரிய பயிற்சி வேண்டும்.

கே. பாலசந்தர் 1990-களில் ‘ரயில் சினேகம்’ தொடங்கித் தொடர்களுக்குள் வந்தபோது ஒரு கதவு திறந்தது. ‘கிழக்கே போகும் ரயில்’ நாயகி ராதிகா 1999-இல் ‘சித்தி’ மூலம் வீட்டுக்கு வீடு நுழைந்தார். திருமுருகன் ‘மெட்டி ஒலி’ தொடரிலிருந்து ‘எம் மகன்’ படத்துக்குப் போய், மறுபடி ‘நாதஸ்வரம்’ தொடருக்கு வந்து, இரண்டு பக்கமும் நடமாட முடியும் என்று காட்டினார். 2008-இல் பாரதிராஜாவே கலைஞர் தொலைக்காட்சியில் ‘தெக்கத்திப் பொண்ணு’ இயக்க வந்தார். அறுபது வயதைக் கடந்து, பத்மஸ்ரீ வாங்கி, தேசிய விருதுகளை அடுக்கி வைத்திருந்தவர் மறுபடியும் பழகாத ஒரு களத்தில் முதல் நாள் வேலைக்கு வந்தார். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் யூனிட்டில் லைட்மேன் முதல் அசோசியேட் வரை எல்லோருடைய நடையிலும் ஒரு நிமிர்வு தெரிந்தது. நாங்கள் பார்க்கும் வேலைக்குத் தனியாக ஒரு மரியாதை வந்துவிட்டதாக உணர்ந்தோம். பெரியவர்கள் ஒரு களத்துக்குள் கால் வைப்பதால் மட்டுமே அங்கே இருப்பவர்களுக்கு நன்மை நடப்பது உண்டு.

*

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு ஊருக்கு வந்தபோது அந்த இரண்டு படங்களும் எனக்கு வேறாகத் தெரியத் தொடங்கின. சுனாமி எங்கள் மாவட்டக் கடற்கரையையே புரட்டிப் போட்டிருந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அதற்குப் பிறகு கரையோர வீடுகள் தள்ளிப் போயின. நிவாரணத்தோடு ஃபைபர் படகுகள் பெருகின. கட்டுமரம் குறைந்துகொண்டே வந்தது. தனியார் மீன்பிடித் துறைமுகமும் எங்கள் ஊரில் வந்துவிட்டது. இன்றைய பிள்ளைக்குப் பழைய முட்டத்தைக் காட்ட வேண்டுமானால் எங்களிடம் இருக்கும் ஆவணம் அந்த இரண்டு படங்கள்தான். ஓலைக் கூரைகள், மணலில் சாய்ந்து கிடக்கும் மரங்கள், வலை காயும் வெளி, கூட்டத்தில் நிற்கும் எங்கள் பெரியவர்கள் எல்லாம் காதலர்களுக்குப் பின்னால் பதிந்து கிடக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண், தன் இறந்துபோன மாமனாரை ஒரு காட்சியில் அடையாளம் கண்டு, அந்த இடத்தில் மட்டும் படத்தை நிறுத்தி நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுவாள். திறந்த வெளியில் எடுத்த படம் தன் கதையை மட்டும் சுமப்பதில்லை. அந்த இடத்தின் ஒரு நாளையும் சேர்த்துச் சுமக்கிறது.

அதே கண்ணோடு பார்க்கும்போது அந்தப் படங்களில் இல்லாததும் தெரிகிறது. எங்கள் கடல் அங்கே காதலின் பின்னணி. கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் அடுப்பு எரியாத வீடு அதில் இல்லை. தலையில் மீன் சுமந்து மேட்டு ஊர்களுக்கு நடந்த பெண்கள் இல்லை. பாரைத் தேடும் கணக்கு இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேனியிலிருந்து வந்தவர் கடலை வியந்து பார்த்தார், வியப்பை உண்மையாகப் படம் பிடித்தார். 2001-இல் ‘கடல் பூக்கள்’ என்று மீனவர் கதையோடு மறுபடி வந்து, திரைக்கதைக்காகத் தேசிய விருதும் பெற்றார். 2013-இல் மணிரத்னம் ‘கடல்’ எடுத்தபோது, விச்சுவாகவும் மேரியாகவும் நடித்த கார்த்திக், ராதா இருவரின் பிள்ளைகளான கவுதம் கார்த்திக்கும் துளசியும் அதில் ஜோடியாக அறிமுகமானார்கள். இன்னொரு தலைமுறையும் கடற்கரையில் வைத்தே சினிமாவுக்குள் வந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். கடலுக்குள்ளிருந்து கரையைப் பார்க்கும் படத்தை எடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது. ஆழ்கடலுக்குப் போன ஆண்கள் திரும்பாத வீடுகள் தூத்தூர் வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு. அந்த நாட்களில் கரையில் நின்ற பெண்களின் முகங்களைத் தொலைக்காட்சிச் செய்திகள் சில நொடிகள் காட்டிவிட்டு நகர்ந்தன. அந்த முகங்களோடு இரண்டரை மணி நேரம் உட்காரும் படம் எங்களிடமிருந்துதான் வர வேண்டும். எழுத்தில் அந்த வேலை தொடங்கிவிட்டது. உவரியிலிருந்து ஜோ டி குரூஸ், பள்ளத்திலிருந்து வறீதையா கான்ஸ்தந்தின், குறும்பனையிலிருந்து பெர்லின் என்று கடற்கரைக்காரர்களே கடற்கரையை எழுதுகிறார்கள். திரையில் அந்த இடம் இன்னும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது என்னைத் தேடிப் பிள்ளைகள் வருகிறார்கள். இப்போது பெண் பிள்ளைகளும் வருவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. “அண்ணே, டைரக்டர் ஆகணும்னா முதல்ல என்ன செய்யணும்?” என்று கேட்பார்கள். நான் சொல்வது இதுதான். சென்னைக்குப் பேருந்து ஏறும் முன்பு, வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் பேசி அவர்களுடைய சொற்களை எழுதி வை. காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், வலையின் பெயர்கள், பாரின் பெயர்கள் எல்லாவற்றையும். கையில் இருக்கும் போனில் உன் தெருவில் நடப்பதை எடு. எங்கே நின்றால் முன்னும் பின்னும் ஒன்றாகும் என்று தேடு. பிறகு ஒரு நல்ல இயக்குநரிடம் சேர்ந்து, கன்டினியூட்டி நோட்டை மனசார எழுது. சினிமா கிடைத்தால் சினிமா செய், டிவி கிடைத்தால் டிவி செய். இரண்டிலும் உன் ஊர்ப் பேச்சைக் கொண்டுவா. விழுவாய். விழுந்த பிறகு பத்திரமான பக்கம் திரும்பாதே.

ஊர்ப் பெரியவர்களிடம் நான் கேட்பது இன்னும் ஒன்று. படகுக்கும் வலைக்கும் கடன் கொடுத்துத் தொழிலைத் தூக்கி நிறுத்திய ஊர் இது. கேமரா எடுக்க விரும்பும் பிள்ளைக்கும் அந்த நம்பிக்கையை ஒருமுறை கொடுங்கள். முதல் படம் ஓடாவிட்டால் இரண்டாம் முறையும் கொடுங்கள். அகஸ்தீஸ்வரத்து டேனியலுக்குக் கிடைக்காத அந்த இரண்டாம் வாய்ப்பு, நம் கரையின் பிள்ளை ஒருவருக்காவது நம் கையாலேயே கிடைக்கட்டும்.